சாவு டிக்கெட் அக்கா

“பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பாருங்க. இருக்குன்னு வாயால சொல்லாதீங்க. எந்திரிச்சுப் போய், எங்க வெச்சீங்களோ அங்க கைய விட்டுத் தொட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அக்கா ஆரஞ்சுப்பழம் உரிக்கிறாள். மறுமுனையில் யாரோ நடக்கிறார், இழுப்பறையை இழுக்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார். அவர் திரும்பி வருவதற்குள் ஒரே ஒரு சீட் மிச்சமிருக்கும் விமானத்தைத் திரையில் கண்டுபிடித்துவிட்டாள். உடனே அந்த சீட்டோடு பேச ஆரம்பிக்கிறாள். “இருடி. எவன் கூப்பிட்டாலும் போயிடாத. இதோ வந்துட்டார்.”

சாவுச் செய்தி வந்த வீட்டில் எல்லாருமே பாஸ்போர்ட் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும், போன ஆளைத் தவிர. அதனால்தான் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள்.

நம் ஆட்கள் பிழைக்க வந்த ஒரு வெளிநாட்டு ஊரில், கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டின் முடிவில் இருக்கிறது அவள் அலுவலகம். இரண்டே மேசைகள். ஜன்னலோர மேசை கொழுந்தனுடையது. அவன் முதுகுக்குப் பின்னால் கடற்கரைகளும் பனிமலைகளும் தொங்கும். சுற்றுலா, தேனிலவு, சிரித்துக்கொண்டே வருகிற கூட்டமெல்லாம் அவன் பக்கம். உள்பக்க மேசை அக்காவுடையது. அவள் எதிரில் உட்காருகிறவர் பார்ப்பதற்கு வெறும் சுவர்தான் உண்டு. முன்பு அங்கேயும் ஒரு படம் இருந்தது, தென்னைமரத்தில் கட்டிய ஊஞ்சல். அம்மாவைப் பறிகொடுத்த ஒருவர் டிக்கெட் அச்சாகி வரும்வரை அந்த ஊஞ்சலையே வெறித்துக்கொண்டிருந்தார். அவர் படி இறங்கிய கையோடு அக்கா படத்தைக் கழற்றிக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டாள்.

“அண்ணி, உங்க டேபிள் பக்கம் திரும்பினாலே என் ஹனிமூன் ஜோடிங்க சண்டை போட்டுக்குதுங்க” என்பான் அவன்.

“இங்கயே போட்டுக்கட்டும்டா. அங்க போய்ப் போட்டா ரூமை கேன்சல் பண்ண முடியாது.”

‘சாவு டிக்கெட் அக்கா’ என்ற பெயரைக் கீழே கண்ணாடிக் கடைக்காரர்தான் முதலில் வைத்ததாகச் சொல்வார்கள். அவள் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள், வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “கல்யாணத்துக்கு டிக்கெட் போட ஊரே இருக்கு. அதுக்கு மூணு மாசம் டைமும் இருக்கு. இதுக்கு யாரு இருக்கா?” என்று கேட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் தன் மாமியார் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டி வந்தபோது அவளிடம்தான் வந்து உட்கார்ந்தார்.

அவள் துக்கம் விசாரிப்பதில்லை. ‘ஐயோ பாவம்’, ‘எப்படி ஆச்சு’, ‘எத்தனை வயசு’ எதுவும் கிடையாது. அவள் கேட்கிற முதல் கேள்வி, “அங்க உங்களுக்காகக் காத்திட்டிருக்கறது யாரு?” அந்த ஆளின் போன் எண்ணை வாங்கிக்கொள்வாள். பிறகு வரிசையாகக் கட்டளைகள். பெட்டி கூடாது, வழியில் விமானம் மாறினால் பெட்டி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். “பெட்டி கல்யாணத்துக்கு. இதுக்குத் தோள்பை போதும்.” வந்து சேரும் நேரத்தை வீட்டுக்குச் சொல்லக் கூடாது. “சொன்னா அந்த நேரத்துலேர்ந்து எல்லாரும் வாசலையே பாப்பாங்க. லேட்டானா இன்னொரு சாவு விழுந்த மாதிரி ஆயிடும். கடைசி பிளேன்ல ஏறினப்புறம் நானே சொல்லிக்கறேன்.” கடைசியாக இருக்கை. “முன்னாடி உக்காந்தா சீக்கிரம் எறங்கலாம். பின்னாடி ஓரமா உக்காந்தா யாருக்கும் தெரியாம அழலாம். எது போடட்டும்?” பெரும்பாலான ஆண்கள் முன்னால் கேட்பார்கள். அவள் ஒரு நொடி அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். “பின்னாடியே போடுங்க” என்பார்கள்.

விமானக் கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் முதலில் வரும். எந்தக் கம்பெனிக்கு எந்தப் பாட்டு, எந்த இடத்தில் அது வெட்டுப்பட்டு மறுபடி தொடங்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் உரிப்பதற்குத்தான் ஆரஞ்சு. சுளைகளைக் கீபோர்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவாள். மறுமுனையில் மனிதக் குரல் வந்தால்தான் ஒன்றை வாயில் போடுவாள். கொழுந்தன் அந்தப் பக்கம் போகும்போது ஒரு சுளையை லவட்டிக்கொண்டு போவான். “திருடித் தின்னா ஜீரணமாகாது” என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இத்தனை எச்சரிக்கையும் சேர்ந்து ஒருநாள் அவளைக் கைவிட்டது. போன மாதம் வந்த லிஃப்ட் மெக்கானிக் விஷயத்தில்.

அவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்திலிருந்து நேராக வந்திருந்தான். விரல் இடுக்குகளில் கிரீஸ். நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா முன்பே இல்லை. வீட்டில் தங்கை ஒருத்திதான். வந்திருந்த பெரியவர்கள் இன்றைக்கே முடித்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். தங்கை வாசலில் குறுக்கே நின்று, “எங்கண்ணன் வராம எடுக்க விடமாட்டேன்” என்று மறுநாள் சாயங்காலம்வரை தவணை வாங்கி வைத்திருந்தாள்.

“சீட் எங்க இருந்தாலும் சரிக்கா. எஞ்சின் மேல உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கறேன்.”

“எஞ்சின் பக்கம் உங்கள விட்டா ரிப்பேர் பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. பின்னாடியே இருக்கு, உக்காருங்க முதல்ல.”

அவன் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தான்.

இடையில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். வழக்கம்போல நிறைய இடைவெளி விட்டுத்தான் டிக்கெட் போட்டாள். அந்த இடைவெளி முழுவதையும் மழை தின்றுவிட்டது. முதல் விமானம் கிளம்பாமலே ஓடுபாதையில் நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது அடுத்தது பறந்துவிட்டிருந்தது. மறுநாள் அவள் வந்து கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது.

“அக்கா, போயிடுச்சு.”

“பிளேன்தானே போச்சு? நீங்க இருக்கீங்கல்ல. கவுண்டர் எங்க இருக்குன்னு பாருங்க.”

அவன் ஊருக்கு அன்று இன்னும் இரண்டு விமானங்கள் இருந்தன, காலையில் ஒன்று, மதியம் ஒன்று. மதிய விமானத்தில் ஏறினால்கூட சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம். அதையும் விட்டால் மறுநாள்தான். இரண்டிலும் இடமில்லை. ஆனால் யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போவார், எப்போதும் போவார். அந்த யாரோ ஒருவரை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. விமானக் கம்பெனியோடு மல்லுக்கட்டி, காத்திருப்போர் வரிசையில் மெக்கானிக்கின் பெயரை முதலாவதாக ஏற்றினாள். “கூப்பிடுவாங்க தம்பி. கூப்பிட்டதும் போய் நில்லுங்க. கவுண்டர் முன்னாடியே உக்காருங்க. டீ குடிக்கக்கூட நகராதீங்க.”

காலை விமானம் கிளம்பிய பிறகு திரையைப் பார்த்தாள். ஒரு சீட் காலியாகியிருந்தது. அது வரிசையில் இரண்டாவதாக இருந்தவருக்குப் போயிருந்தது.

அவனுக்குப் போன் போட்டாள். “கூப்பிட்டாங்களா?”

“இல்லக்கா.”

கம்பெனிக்குப் போன் போட்டாள். மூன்று முறை கூப்பிட்டோம், யாரும் வரவில்லை என்றார்கள். அக்காவுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. மறுபடி அவனைப் பிடித்தாள்.

“தூங்கிட்டீங்களா?”

“இல்லக்கா.”

“எங்கயாச்சும் எந்திரிச்சுப் போனீங்களா?”

“இல்லக்கா. நீங்க சொன்ன எடத்துலதான் உக்காந்திருந்தேன்.”

“அப்ப காதுல என்ன பஞ்சா? மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க தம்பி!”

மறுமுனையில் அவன் குரல் இறங்கியது.

“என்னைக் கூப்பிடலக்கா. அப்பாவத்தான் கூப்பிட்டாங்க.”

அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ஒரு கணம் விழித்துவிட்டு, இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். அதன் பிறகு ஊர்விட்டு ஊர் போனவனை உலகம் அவன் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறது. மருத்துவமனையில், வங்கியில், விமான நிலையத்தில். இந்த மெக்கானிக்கும் எத்தனையோ தடவை அந்தப் பெயருக்கு எழுந்து போனவன்தான். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. “அங்க எல்லாரும் என் பேரத்தான் சொல்றாங்களாம். அப்ப ஃபாரின்ல வேலை பாக்கறது நான்தான். இவன் சும்மா கூட போயிருக்கான்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

“பேரு கேட்டுச்சுக்கா. நல்லாவே கேட்டுச்சு. அந்தப் பொண்ணு அதைக் கடிச்சுக் குதறித்தான் சொல்லுச்சு, ஆனாலும் அப்பா பேரு தெரியாமப் போயிடுமா? காலு வரலக்கா. நான் எந்திரிச்சா, அவர் இல்லேன்னு ஆயிடும் போல இருந்துச்சு.”

பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லத் தெரிந்தவளுக்கு, பெட்டி வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, இதைச் சொல்லத் தோன்றியதே இல்லை. எத்தனை பேரை அனுப்பியிருக்கிறாள். எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டு எழுந்து போயிருப்பார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

மேசைமேல் இருந்த அவளுடைய இரண்டாவது போன் அதிர்ந்தது. தங்கை.

“அக்கா, ஏறிட்டானா?”

“இன்னும் இல்லம்மா.”

“எப்பக்கா ஏறுவான்? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. நான் என்னான்னு சொல்றது?”

“நீ யார் மூஞ்சியையும் பாக்காத. போனை மட்டும் பாரு. அண்ணன் பேர்ல ஒரு சின்ன சிக்கல். அதத்தான் சரி பண்ணிட்டிருக்கேன்.”

“பேர்ல என்ன சிக்கல்?”

“வந்தப்புறம் அவரே சொல்வாரு. நீ எதாச்சும் சாப்பிட்டியா?”

“எறங்கலக்கா.”

“எறங்காது. ஆனா தண்ணி எறங்கும். குடி.”

கம்பெனிக்கு மறுபடி போன் போட்டு, மதியம் அவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ அதைத்தான் கவுண்டரில் படிப்பார்களாம். தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாதாம். நன்றி சொல்லி வைத்தாள். அவன் பெயரை மறுபடி முதலிடத்தில் ஏற்றியிருந்தார்கள்; அதுவரைக்கும் லாபம்.

மதிய விமானத்துக்கு ஆட்களை உள்ளே விட ஆரம்பிக்கும் நேரம் நெருங்கியதும் அவனை அழைத்தாள். கொழுந்தன் மேசையில் புதிதாக ஒரு ஜோடி வந்து உட்கார்ந்து கடற்கரைப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, என்னிக்காச்சும் அப்பா பேரை வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்களா?”

“யாருக்கா அப்பா பேர சொல்லுவாங்க? ஸ்கூல்ல பசங்க சொன்னாலே அடிக்கப் போவேன்.”

“பசங்க எதுக்கு சொல்வாங்க?”

“என்னைக் கூப்பிடத்தான். எனக்குப் பட்டப்பேரே அதுதானே. அவனுங்களுக்கெல்லாம் அவனவன் அப்பா பேரு.”

“அப்ப அந்தப் பேரச் சொன்னா நீங்க திரும்பியிருக்கீங்க.”

“கல்லெடுத்துக்கிட்டுத் திரும்பியிருக்கேன்.”

“இன்னிக்குக் கல்லு வேண்டாம். திரும்பினா போதும்.”

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மற்றதா என்று அவள் ஆராயவில்லை.

“சரி, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுத்தா என்ன சொல்வீங்க?”

“உள்ளேன் ஐயா.”

“நான் இப்ப கூப்பிடறேன். சொல்லுங்க.”

நிமிர்ந்து உட்கார்ந்தாள். விமான நிலையத்துப் பெண்ணின் மூக்குக் குரலை வரவழைத்துக்கொண்டு, அவன் அப்பா பெயரை உரக்கக் கூப்பிட்டாள். படம் புரட்டிக்கொண்டிருந்த ஜோடி தலையைத் தூக்கியது. மறுபடி கூப்பிட்டாள்.

“அண்ணி, இது டிராவல்ஸா பள்ளிக்கூடமா?” என்றான் கொழுந்தன்.

“வாய மூடுறா. வகுப்பு நடக்குது.”

மூன்றாம் முறை கூப்பிட்டதும், தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று வந்தது. “உள்ளேன்…”

“கேக்கல. கடைசி பெஞ்சா?”

“உள்ளேன் ஐயா.”

“ஐயா எங்க இருக்காரு இங்க? அக்கா.”

“உள்ளேன் அக்கா!” என்றான். சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். “பக்கத்துல இருக்கறவர் என்னையே பாக்கறார்க்கா.”

“பாக்கட்டும். அவருக்கு சீட் கன்ஃபர்ம் ஆயிருக்கும். வேலையில்ல, பாப்பாரு.”

இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்தத் தடவை உடனே பதில் வந்தது. அதற்கடுத்த முறை, அவள் கூப்பிடுவதற்கு முன்பே, அவனாகவே அந்தப் பெயரைச் சொன்னான். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, புது ஆணியைக் கையில் வைத்து எடை பார்ப்பதைப்போல. சொல்லிவிட்டு, “நல்ல பேருக்கா” என்றான்.

“நல்ல பேருதான். அதான் உலகம் பூரா கூட்டிட்டுப் போயிருக்கீங்க. இப்ப வீட்டுக்கும் கூட்டிட்டுப் போங்க.”

“சரிக்கா.”

“போனை வைக்காதீங்க. அப்படியே சட்டைப்பையில போட்டுக்கங்க. நான் பேச மாட்டேன். நீங்களும் பேச வேண்டாம்.”

சட்டைத்துணி உரசும் சத்தம். அதற்கப்பால் தூரத்தில் சக்கரப் பெட்டிகள் உருளும் ஓசை, ஒரு குழந்தையின் அழுகை, அறிவிப்புகள். அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேசைமேல் இரண்டாவது போன் தங்கையின் எண்ணைக் காட்டி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. எடுக்கவில்லை. எடுத்தால் எதைச் சொல்வது? கொழுந்தன் தன் மேசையில் இருந்த ஜோடியிடம் சொல்லிக்கொண்டிருந்த ஹோட்டல் விவரத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தப் பெண் பெயரைக் கூப்பிட்டாள். கடித்துக் குதறித்தான், ஆனாலும் அதே பெயர்.

எதுவும் நடக்கவில்லை.

அக்கா வாயைத் திறந்தாள். இப்போது தான் பேசினால் அவன் தன் குரலைத்தான் கேட்பான், அந்தக் குரலைக் கேட்கமாட்டான் என்று தோன்றியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு காலடிகள், முதலில் தயங்கி, பிறகு வேகமாக, கடைசியில் ஓட்டமாக. ஒரு பெண் ஏதோ கேட்டாள். பதிலாக மெக்கானிக் தன் அப்பா பெயரைச் சொன்னான். கணீரென்று, தன் பெயரைச் சொல்வதைப்போல. ஓர் இயந்திரம் ‘டிங்’ என்றது. அதன் பிறகு காலடிச் சத்தம் மாறியது. விமானத்தின் வாசலுக்குப் போகும் நீளமான, குகைபோன்ற பாதைக்குள் ஒரு மனிதன் நடந்து போகும்போது கேட்கிற சத்தம்.

மேசைமேல் இரண்டாவது போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள். “அக்கா?” என்றது தங்கையின் குரல். “அக்கா, என்னாச்சு?”

அக்கா கீபோர்டை ஒரு பக்கமாக ஒதுக்கி மேசையில் இடம் செய்தாள். அண்ணன் நடந்துகொண்டிருந்த போனைக் கீழே படுக்க வைத்தாள். காலடிச் சத்தம் வருகிற அதன் தலைமாட்டில், சத்தத்தை வாங்குகிற தங்கையின் போனின் கால்மாடு படும்படி, இரண்டையும் ஒட்டிக் கிடத்தினாள்.